சி.ஆர்.எம். முதுகலை: மண்வெட்டியைவிடப் பேனாவுக்குத்தான் வேலை அதிகம்

அமெரிக்காவில் பண்பாட்டு வள மேலாண்மை, மரபுச் சின்னப் பாதுகாப்பு இரண்டும் சேர்ந்த முதுகலைப் படிப்பை முடித்திருக்கிறேன். அங்கே எல்லோரும் இதைச் சி.ஆர்.எம். என்றுதான் சொல்கிறார்கள். குறைகளையும் எழுதப்போவதால் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லவில்லை.

தொல்லியல் என்றதும் புதையுண்ட நகரத்தைத் தேடிப் போவதாக நினைத்துச் சேருபவர்களுக்கு இது வேறு உலகம். சாலை, பாலம், எரிவாயுக் குழாய் எதுவானாலும், அதில் மத்திய அரசின் பணமோ அனுமதியோ இருந்தால், அந்த இடத்தில் பழைய குடியிருப்பு, கல்லறை, கட்டடம் ஏதாவது பாதிக்கப்படுமா என்று முன்கூட்டியே பார்த்தாக வேண்டும். 1966-ல் வந்த தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் செக்‌ஷன் 106 சொல்வது இதைத்தான். அமெரிக்கத் தொல்லியலாளர்களில் பெரும்பாலோருக்குச் சோறு போடுவது இந்த ஒரு பிரிவுதான், அதனால் படிப்பும் அதைச் சுற்றியே இருக்கிறது.

இந்தப் படிப்பில் எனக்கு மிகவும் பிடித்தது சட்டப் பாடம். செக்‌ஷன் 106 எந்தக் கட்டடத்தையும் இடிக்கக்கூடாது என்று சொல்வதில்லை. முடிவெடுக்கும் முன் என்ன இருக்கிறது என்று கண்டுபிடி, யாருக்கு அதில் அக்கறை உண்டோ அவர்களிடம் பேசு, பாதிப்பைக் குறைக்க வழி தேடு, அவ்வளவுதான் அது கேட்பது. முதலில் எனக்கு இது பெரிய ஏமாற்றமாக இருந்தது. ஆனால் யாரிடமும் பேசாமல் வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நியூயார்க் ஆப்பிரிக்க இடுகாட்டின் கதையைப் படிக்கும்போது புரிந்துவிடுகிறது. 1991-ல் மத்திய அரசின் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது, 18-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆப்பிரிக்க மக்களின் எலும்புகள் வெளிவந்தன. கறுப்பின மக்கள் கொதித்தெழுந்து போராடிய பிறகுதான் தோண்டுவது நின்றது. எடுக்கப்பட்ட 400-க்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் 2003-ல் மீண்டும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டன, 2006-ல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. சந்ததியினரிடம் முதலிலேயே போய் உட்கார்ந்து பேசுவது ஒரு சடங்கு இல்லை என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது. பூர்வகுடிகளின் எலும்புகளையும் புனிதப் பொருள்களையும் அருங்காட்சியகங்கள் திருப்பித் தருவதற்கான 1990-ம் ஆண்டுச் சட்டத்தையும் விரிவாக நடத்தினார்கள். 2024-ல் நடைமுறைக்கு வந்த புதிய விதிகளின்படி, அப்படிப்பட்டவற்றைக் காட்சிக்கு வைக்கவோ ஆய்வு செய்யவோ முன்கூட்டியே அந்த மக்களின் சம்மதம் வாங்க வேண்டும். பழைய பாடத்திட்டத்தையே ஓட்டிக்கொண்டிருக்கும் துறைகளும் உண்டு, இதை விசாரித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுத்து வேலை. ஒரு பழைய இரும்புப் பாலத்தைக் கொடுத்து, வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர அதற்குத் தகுதி உண்டா என்று எழுதச் சொன்னார்கள். நான்கு அளவுகோல்கள்: நிகழ்வு, மனிதர், வடிவமைப்பு, தகவல் தரும் வாய்ப்பு. ஒன்றிலாவது தேறினால் போதும், ஆனால் இடம், வடிவம், சுற்றுப்புறம், பொருள், வேலைப்பாடு, உணர்வு, தொடர்பு ஆகிய ஏழில் எவ்வளவு குலையாமல் இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். எங்கள் பாலத்தில் தளமும் கைப்பிடியும் மாற்றப்பட்டிருந்தன, சட்டகம் மட்டும் பழையது. வரைவில் "அழகான பழம்பெரும் பாலம்" என்று இருந்த இடத்தில் பேராசிரியர் வட்டம் போட்டு, "யாருக்கு முக்கியம், எந்த ஆண்டு, எந்த இணைப்பில் தெரிகிறது?" என்று எழுதித் தந்தார். அந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதியதில்தான் ரிவெட் அடித்த இணைப்புக்கும் பெரிய பின் கோத்த இணைப்புக்கும் வித்தியாசம் பார்க்கக் கற்றேன்.

களப்பயிற்சி நன்றாகவே இருந்தது. சம இடைவெளியில் சின்னக் குழிகள் தோண்டி, மண்ணைக் கால் அங்குலச் சல்லடையில் சலித்து, ஈர மண்ணை, மண் நிறங்களுக்குக் குறியீடு தரும் மன்செல் வண்ணப் புத்தகத்தோடு ஒப்பிட்டு 10ஒய்ஆர் 4/3 என்பதுபோல நிறத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்றும் கிடைக்காத குழியையும் அதே கவனத்தோடு பதிய வேண்டும், ஏனென்றால் அந்த வெற்றுக் குழியை நம்பித்தான் நாளைக்கு அங்கே சாலை போடுவார்கள்.

இனி குறைகள். பெயரில் மரபுச் சின்னப் பாதுகாப்பு இருக்கிறதே தவிர, கட்டடங்களுக்குக் கொடுத்த நேரம் மிகக் குறைவு. பேணுதல், புதுப்பயன்பாடு, மீட்டமைத்தல், மறுகட்டுமானம் என்ற நான்கு வழிமுறைகளையும் அவசரமாகத் தாண்டினார்கள், பழைய வணிகக் கட்டடத்தைப் புதுப்பிப்பவருக்குக் கிடைக்கும் 20 சதவீத வரிச்சலுகையை ஒரே வகுப்பில் முடித்துவிட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து, மரவேலை, வரைபடம் இவற்றில் ஆசை இருந்தால் தனியாக வரலாற்றுப் பாதுகாப்புப் படிப்பையே எடுங்கள். இன்னொன்று, இத்தனை ஏக்கருக்கு எத்தனை ஆள், எத்தனை நாள், எவ்வளவு செலவு என்று மதிப்பீடு போடக் கற்றுத்தரவே இல்லை. வேலையில் சேர்ந்ததும் முதலில் கேட்பதே அதுதான்! ஒரு முதுகலைப் படிப்பில் இது இல்லாமல் போனது எனக்கு இன்னும் கோபம்தான்.

பட்டம் மட்டும் கையில் இருந்தால் வேலை முடிந்துவிடாது. அமெரிக்க உள்துறையின் (டிபார்ட்மென்ட் ஆஃப் தி இன்டீரியர்) தகுதி விதிகளில் தொல்லியலுக்கு முதுகலையோடு ஓராண்டு முழுநேர அனுபவமும், மேற்பார்வையில் குறைந்தது 4 மாதக் கள, ஆய்வுப் பயிற்சியும் கேட்கிறார்கள். தொழில்முறைத் தொல்லியலாளர் பதிவேட்டில் முதுகலைத் தகுதியில் சேர ஆய்வேடு அல்லது அதற்கு இணையான ஆய்வறிக்கை வேண்டும். அதனால் "ஆய்வேடு இல்லாமல் சீக்கிரம் முடிக்கலாம்" என்று துறையில் யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள்.

மாணவர் விசாவில் வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மத்திய அரசு வேலைகளுக்குப் பெரும்பாலும் குடியுரிமை கேட்பார்கள், ஆகவே தனியார் ஆலோசனை நிறுவனங்கள்தான் வழி. படிக்கும்போதே, படிப்பின் பகுதியாக வேலை பார்க்கத் தரும் சி.பி.டி. அனுமதியில் 12 மாதம் முழுநேரம் வேலை பார்த்துவிட்டால், படிப்பு முடிந்தபின் வேலை பார்க்கத் தரும் ஓ.பி.டி. அனுமதி அதே படிப்புக்கு அப்புறம் கிடைக்காது. கோடைக் களவேலை ஆசையில் இதைக் கணக்குப் பார்க்காமல் விடாதீர்கள்.

சட்டத்துக்கும் எழுத்துக்கும் முழு மதிப்பெண் தருவேன், களத்துக்கு நல்ல மதிப்பெண், கட்டடத்துக்கும் வரவுசெலவுக்கும் தேர்ச்சி மதிப்பெண்கூட இல்லை. விண்ணப்பிக்கும் முன், மாணவர்கள் எழுதி, இப்படிப்பட்ட அறிக்கைகளைப் பரிசீலிக்கும் மாநில வரலாற்றுப் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் போன அறிக்கை ஒன்றைக் காட்டும்படி துறையிடம் கேளுங்கள். காட்ட ஒன்றுகூட இல்லையென்றால் அடுத்த பல்கலைக்கழகத்தைப் பாருங்கள்.