ஆனைத்திருக்கை ஆய்வுப் பயணம்: சஃபாரி படகா, தரவந்தூவா, இந்தோனேசியாவா?

கிருஷ்ணகிரியிலிருந்து கடலைப் பார்க்கவே நான்கைந்து மணி நேரம் ஓட வேண்டும். ஆனாலும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களிலிருந்து, காற்று உருளையோடு மூழ்கும் ஸ்கூபாவைக் கற்றுக்கொள்ளப் புதுச்சேரிக்கும் முருதேஸ்வரத்துக்கும் போய்வருகிறவர்கள் உண்டு. கற்று முடித்ததும் அவர்களில் சிலருக்கு வரும் ஆசை, மான்ட்டா என்கிற ஆனைத்திருக்கையைப் பார்க்க வேண்டும், அதை ஆராய்கிறவர்களுக்கு நம்மால் ஆனதையும் செய்ய வேண்டும் என்பது. நல்ல ஆசைதான். ஆனால் ‘மக்கள் அறிவியல் பயணம்’ என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே அறிவியலுக்கு உதவுவதில்லை. சிலவற்றில் அந்தப் பெயர் விளம்பரத்தோடு நின்றுவிடுகிறது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு எங்கள் அளவுகோல் ஒன்றே ஒன்று: அந்தப் பயணத்தில் திருக்கையின் வயிற்றுப்பக்கம் உங்கள் கேமராவுக்குக் கிடைக்குமா?

காரணம் இதுதான். ஆனைத்திருக்கையின் முதுகு கறுப்பு. மேலிருந்து எடுத்த படத்தை வைத்து எது எது என்று பிரித்தறிவது கடினம். வயிறு பெரும்பாலும் வெள்ளை. அதில் கரும்புள்ளிகள் இருக்கும். இரண்டு பக்கமும் ஐந்தைந்தாக இருக்கும் செவுள் பிளவுகளுக்கு நடுவிலும், அதற்குக் கீழே அடிவயிற்றிலும் விழுந்திருக்கும் அந்தப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி. ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இருக்காது, வாழ்நாளில் மாறுவதும் இல்லை. மாலத்தீவில் 2005-இல் தொடங்கிய ஆய்வு இந்தப் புள்ளிகளை வைத்தே 5,000-க்கும் மேற்பட்ட பவளத்திட்டு ஆனைத்திருக்கைகளைத் தனித்தனியாகப் பதிவு செய்திருக்கிறது. ஒரு பெண் திருக்கை ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஒரே ஒரு குட்டிதான் போடும். அடுத்ததற்கு இரண்டு முதல் ஐந்து ஆண்டுகள்கூட ஆகலாம். இவ்வளவு மெதுவாகப் பெருகும் உயிரை, மருந்தென்று விற்கப்படும் செவுள் தட்டுகளுக்காகப் பிடித்தால் கூட்டம் மீளவே மீளாது. எத்தனை மிச்சம், எது எங்கே போகிறது, எது குட்டி போட்டது என்ற கணக்கெல்லாம் அந்த வயிற்றுப் படங்களிலிருந்துதான் வருகிறது.

முதலில் மாலத்தீவின் சஃபாரி படகு. ஏழு முதல் பத்து இரவுகள் படகிலேயே தங்கி, ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை மூழ்கும் ஆய்வுப் பயணம். கூடவே ஓர் ஆராய்ச்சியாளர் இருப்பார். இரவில் அன்றைய படங்களைக் கணினியில் ஏற்றி, பட்டியலோடு ஒப்பிட்டு, இது பழைய ஆளா புதிய ஆளா என்று உங்களையே பார்க்க வைப்பார்கள். தரவு என்ற வகையில் இதற்கு நிகர் இல்லை. பவளத்திட்டில் ‘சுத்திகரிப்பு நிலையம்’ என்று சொல்லும் இடங்களுக்கு ஆனைத்திருக்கைகள் வந்து நின்று, சிறு மீன்களைத் தங்கள் உடம்பிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்ன விடும். அங்கே ஸ்கூபாவில் தரையோரம் அசையாமல் காத்திருந்தால், அது தலைக்கு மேல் வட்டமடிக்கும்போது வயிறு முழுசாகக் கிடைக்கும். வட மாலே அட்டோலின் (அட்டோல் என்பது வளையமாக அமைந்த பவளத்தீவுக் கூட்டம்) லங்கன்ஃபினோலு அப்படிப்பட்ட இடம்.

ஆனால் இது புதியவர்களுக்கான பயணம் இல்லை. சான்றிதழ் கையில் இருந்தால் போதும் என்று சில படகுகள் ஏற்றிக்கொள்ளும். ஓபன் வாட்டர் என்கிற முதல் நிலைப் பயிற்சியை முடித்து நான்கைந்து முறை மட்டும் மூழ்கியவர் நீரோட்டத்தில் மிதப்பைக் கட்டுப்படுத்த முடியாமல் மேலும் கீழும் போவார்; பவளத்தை உதைப்பார்; பதற்றத்தில் காற்றைச் சீக்கிரம் தீர்ப்பார். அவர் ஒருவர் மேலே மிதந்து குமிழிகளைத் திருக்கையின் வயிற்றில் விட்டாலே அது நிலையத்தை விட்டுப் போய்விடும். மொத்தக் குழுவுக்கும் அந்த முழுக்கு வீண். முப்பது நாற்பது முழுக்குகள் முடித்து, கைகளை அசைக்காமல் ஒரே ஆழத்தில் பத்து நிமிடம் நிற்க முடிகிறது என்றால் போங்கள். செலவும் லட்சங்களில்தான். இதுபோகப் பசுமை வரி உண்டு: படகிலும் பெரிய ரிசார்ட்டிலும் இரவுக்கு 12 டாலர், ஊர்த் தீவுகளில் உள்ள சிறிய விடுதிகளில் 6 டாலர்.

இரண்டாவது, பா அட்டோலில் தரவந்தூ தீவில் விடுதி எடுத்துத் தங்கி, பக்கத்திலேயே இருக்கும் ஹனிஃபாரு வளைகுடாவில் ஸ்நார்க்கல் செய்வது, அதாவது மூச்சுக்குழாயோடு மேற்பரப்பில் மிதந்து பார்ப்பது. அங்கே 2012 முதல் ஸ்கூபாவுக்குத் தடை. வழிகாட்டியோடுதான் போக வேண்டும். ஒரு முறைக்கு 45 நிமிடம். ஆடிப்பெருக்கின்போது ஒகேனக்கலில் காவிரி செந்நிறமாகப் பொங்குகிறதே, குடகில் அந்த மழையைக் கொட்டும் அதே தென்மேற்குக் காற்றுதான் மாலத்தீவில் திருக்கைக்கு இரையான மிதவை உயிரிகளை (பிளாங்க்டன்) அட்டோல்களின் கிழக்கு விளிம்பில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஹனிஃபாரு கிழக்கு விளிம்பில் இருக்கும் முட்டுச்சந்து மாதிரியான வளைகுடா. கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மிதவை உயிரிகள் உள்ளே வந்து அடைபட்டுக்கொள்ளும். அதைத் தின்னத் திருக்கைகள் பத்துகளிலும், சில நாள் நூறுக்கு மேலும் திரளும். எனவே ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை, நாட்காட்டியில் அமாவாசையோ பௌர்ணமியோ நடுவில் வருகிற மாதிரி ஐந்து இரவு எடுங்கள். இரண்டு இரவு மட்டும் தங்கி, காற்று அடித்து படகே போகாமல் திரும்பினவர்கள் நிறைய.

இதில் உள்ள குறை படத்தில்தான். மேற்பரப்பில் மிதப்பவருக்குத் தெரிவது கறுத்த முதுகு. மிதவை உயிரிகள் நிறைந்த நீர் பால் மாதிரி கலங்கியிருக்கும்; ஃபிளாஷ் போட்டால் திருக்கைக்குத் தொந்தரவு, படத்திலும் வெள்ளைப் பொட்டுகள்தான் விழும். வழி இரண்டு உண்டு. திருக்கை தின்னும்போது ஒரே இடத்தில் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் அடிக்கும். அப்போது வயிறு மேலே திரும்பும். ஒன்று அடிக்கத் தொடங்கினால் திரும்பத் திரும்ப அடிக்கும் என்பதால், நகராமல் அங்கேயே மிதந்து காணொளியை ஓட விடுங்கள். பிறகு தெளிவான ஒரு சட்டகத்தை எடுத்துக்கொள்ளலாம். அல்லது மூச்சை அடக்கி மூன்று நான்கு மீட்டர் இறங்கி, அதன் வழியை மறிக்காமல் பக்கவாட்டில் நின்று கேமராவை மேல்நோக்கிப் பிடிக்க வேண்டும். இது தெரியாதவர் அங்கே போய் முயலக்கூடாது. துணை இல்லாமல் யாருமே செய்யக்கூடாது.

இந்தோனேசியாவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலியிலிருந்து நுசா பெனிடா, ஃபுளோரஸ் பக்கம் கொமோடோ. இரண்டிலும் ஆண்டு முழுக்கப் பார்க்க வாய்ப்பு உண்டு, 2014 முதல் அந்நாடு முழுவதும் ஆனைத்திருக்கை பிடிக்கத் தடையும் உண்டு. ஒரு நாள் படகில் போய்வரலாம் என்பதால் செலவை வெட்டிச் சுருக்கலாம். ஆனால் நுசா பெனிடாவின் தென்கரை திறந்த பெருங்கடல். அலையில் வாந்தி எடுத்தபடி தண்ணீரில் குதிக்கிறவர்கள் அதிகம். அடியிலிருந்து குளிர்நீர் ஏறும் மாதங்களில் 5 மி.மீ. தடிமனுள்ள முழுக்கு உடை இல்லாமல் தாக்குப்பிடிக்க முடியாது. கூட்டமும் அதிகம். கொமோடோவின் கரங் மகாசார் நீரோட்டத்தோடு மிதந்து போகிற முழுக்கு. திருக்கை கடந்து போகும் சில நொடிகளில் படம் எடுத்தாக வேண்டும். எங்கள் கணக்கில் இது மூன்றாவது இடம்.

இந்தியக் கடலில் இப்படி உறுதியாகத் திரளும் இடம் எதையும் நம்பி டிக்கெட் போட முடியாது. அந்தமானிலோ லட்சத்தீவிலோ மூழ்கும்போது தற்செயலாகக் கண்டால் அந்தப் படத்தை ஆனைத்திருக்கை ஆய்வாளர்களுக்குக் கட்டாயம் அனுப்புங்கள்.

ஆக, சொந்தத் தீர்ப்பாகச் சொன்னால்: நீச்சல் நன்றாகத் தெரிந்து ஸ்கூபா புதிது என்றால் தரவந்தூ. முப்பது நாற்பது முழுக்கு முடித்தவருக்கு ஆராய்ச்சியாளர் உடன் வரும் சஃபாரி படகு. இரண்டையும் ஒரே ஆண்டில் முடிக்கத் துடிக்க வேண்டாம்.

இனி, நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள். முதலாவது நீச்சல். கிணற்றில் சுரைக்குடுக்கை கட்டிக் கற்றவர்களுக்குத் தண்ணீர் பயம் இருக்காது. அது பெரிய பலம். ஆனால் கிணற்று நீச்சலில் தலை எப்போதும் மேலே இருக்கும், கால்கள் மிதிவண்டி ஓட்டுவது மாதிரி மடங்கி விரியும். ஃபின்ஸ் என்கிற கால் துடுப்புகளை மாட்டிக்கொண்டு அப்படி உதைத்தால் முன்னே நகர மாட்டீர்கள். நூறு மீட்டருக்குள் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். மேற்பரப்பில் எழும் சலசலப்பில் திருக்கையும் விலகும். முகத்தை நீருக்குள் வைத்து, குழாய் வழியே வாயால் மூச்சுவிட்டு, முட்டியை மடக்காமல் இடுப்பிலிருந்து உதைக்கப் பழக வேண்டும். நீச்சல் குளத்தில் வாரம் மூன்று நாள் என ஆறு வாரம் போதும். ஓபன் வாட்டருக்கு 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் பத்து நிமிடம் மிதக்கவும் கேட்பார்கள். ஹனிஃபாருவுக்கு அதைவிட இரு மடங்கு தெம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கலில் பழகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அந்தச் சுழலும் பாறையும் உயிர் குடிப்பவை.

இரண்டாவது, பலர் யோசிக்கவே யோசிக்காத ஒன்று: மேடு. மூழ்கும்போது உடலில் கரையும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் குமிழியாகி மூட்டிலும் நரம்பிலும் சிக்கும். ஒரு முழுக்கு என்றால் 12 மணி நேரம், பல முழுக்குகள் என்றால் 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது முழுக்குப் பாதுகாப்பு அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் தரும் வழிகாட்டல். அந்தக் கணக்கு சுமார் 600 மீட்டர் உயரத்திலிருந்தே தொடங்குகிறது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது! ஞாயிறு மதியம் புதுச்சேரியில் இரண்டு முழுக்கு போட்டுவிட்டு அன்றிரவே திண்டிவனம், திருவண்ணாமலை வழியாக ஓசூருக்குக் காரை ஓட்டுவது விமானம் ஏறுவதற்குச் சமம். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் 500 மீட்டரை ஒட்டி இருப்பதால் ஆபத்து குறைவு. ஓசூர், தேன்கனிக்கோட்டைக்காரர்கள் கடற்கரையில் இரவு தங்கி மறுநாள் கிளம்புங்கள். முருதேஸ்வரத்திலிருந்து மலை ஏறித் திரும்புவதற்கும் இதே விதிதான்.

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, காது, இதயம் பற்றிய கேள்வி எதற்காவது ‘ஆம்’ என்றால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். உள்ளூர் மருத்துவருக்கு முழுக்கு மருத்துவம் பழக்கம் இல்லாமல் இருக்கலாம். படிவத்தோடு வரும் மருத்துவருக்கான குறிப்புப் பக்கங்களையும் அச்செடுத்துக் கொண்டுபோங்கள். சளி பிடித்திருந்தால் மூக்கடைப்பு மருந்து போட்டு இறங்காதீர்கள். மருந்தின் வேகம் நீருக்கடியில் இறங்கினால் மேலே வரும்போது காது வலி உயிர் போகும்.

முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள்: படங்கள் எந்தத் தரவுத்தளத்துக்குப் போகின்றன? ஆய்வு அனுமதி யார் பெயரில் இருக்கிறது? ஆராய்ச்சியாளர் பயணம் முழுதும் இருப்பாரா, ஒரு மாலை பேசிவிட்டுப் போய்விடுவாரா? நான் எடுத்த திருக்கையின் அடையாள எண் எனக்குத் தெரிவிக்கப்படுமா? இந்த நான்குக்கும் நேராகப் பதில் வராவிட்டால் அது சுற்றுலா. சுற்றுலாவுக்கான விலையை மட்டும் கொடுங்கள்.

நீருக்குள் விதி எளிது. மூன்று மீட்டருக்குள் போகாதீர்கள், துரத்தாதீர்கள், தொடாதீர்கள். அதன் தோலை மூடியிருக்கும் வழவழப்புதான் அதற்குக் காப்பு. அது உங்களை நோக்கி வந்தால் அப்படியே நில்லுங்கள். ஆனைத்திருக்கைக்கு மற்ற திருக்கைகள் மாதிரி வாலில் கொட்டும் முள் கிடையாது.

படத்தோடு நாள், நேரம், இடம், ஆழம், எத்தனை திருக்கைகள், தின்றதா சுத்தம் செய்துகொண்டதா சும்மா போனதா என்று எழுதுங்கள். வால் தொடங்கும் இடத்தில் உள்ள சிறு துடுப்புகளில் விரல் மாதிரி இரண்டு நீட்சி இருந்தால் ஆண். பெண்ணின் சிறகு நுனியில், பெரும்பாலும் இடப்பக்கம், ஆண் கடித்த தழும்பு இருந்தால் அது வயதுக்கு வந்தது. தூண்டில் நரம்பு சுற்றியிருந்தால் அதற்குத் தனிப் படம்.

கிளம்பும் முன் கேமரா கடிகாரத்தைத் திருத்துங்கள். மாலே நம்மைவிட அரை மணி பின்னால், பாலி இரண்டரை மணி முன்னால். மாலத்தீவின் சில ரிசார்ட்டுகள் தங்களுக்கென்று மாலேயைவிட ஒரு மணி நேரம் முன்னால் தனி நேரம் வைத்திருக்கின்றன. படத்தின் நேரத்தைக் கடல் ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிடுகிறவருக்கு அந்த ஒரு மணி நேரப் பிசகு, வளைகுடா நிறைந்த நேரத்தை வடிந்த நேரமாகக் காட்டிவிடும்.