பழைய பத்மினியும் சூட்டில் மறைந்த தீப்பொறியும்

1994-இல் பதிவான பிரீமியர் பத்மினி ஒன்றை 2015 முதல் திருவான்மியூரில் வைத்து ஓட்டி வருகிறேன். வண்டியின் பின்னால் பத்மினி என்று எழுதியிருந்தாலும் எங்கள் தெருவுக்கு அது ஃபியட்தான். 1089 சிசி, நான்கு சிலிண்டர், கார்புரேட்டர், ஸ்டியரிங் தண்டில் கியர். கணினி என்று எதுவும் இல்லாததால் பழுது பார்ப்பது எளிது என்று நம்பித்தான் வாங்கினேன். இத்தனை ஆண்டுகளில் இந்த வண்டிக்குச் செலவழித்த நேரத்தில் பெரும்பகுதி இக்னிஷன், அதாவது பெட்ரோலைப் பற்றவைக்கும் தீப்பொறியை உண்டாக்கும் பகுதியின் கோளாறுக்கே போயிற்று. அதிலும் முதல் பதினான்கு மாதம் வண்டி ஆறிய நிலையிலேயே சோதித்துச் சோதித்து வீணானது.

தொடக்கம் 2017 கோடையில். காலையில் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொள்ளும் இன்ஜின், ஏறக்குறைய நாற்பது நிமிடம் ஓடி, வேளச்சேரி தாண்டிப் பள்ளிக்கரணையை நெருங்கும்போது மூன்றாம் கியரில் லேசாக வெட்டத் தொடங்கும். அடுத்த சிக்னலில் நின்றால் அணைந்துவிடும். அதன்பின் செல்ஃப் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. பானெட்டைத் திறந்து வைத்து இருபது நிமிடம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். தாம்பரத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நான் சொன்ன நேரத்தில் போய்ச் சேர்ந்த நாட்கள் அந்த ஆண்டில் மிகக் குறைவு.

பார்த்த மூன்று மெக்கானிக்குகளும் சொன்ன காரணம் ஒன்றே: சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்கிறது. அது இல்லாத நோய் அல்ல. இந்த வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. கத்திரி வெயிலில் அப்படி நடக்கக்கூடும். பம்பின் மேல் ஈரத்துணி போடச் சொன்னார்கள், போட்டேன். துணி போட்டு இருபது நிமிடம் கழித்து வண்டி கிளம்பியதால் கிளப்பியது துணிதான் என்று நானும் நம்பினேன். துணி போடாமல் இருபது நிமிடம் காத்திருந்து பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. இதற்கிடையில் கார்புரேட்டர் இரண்டு முறை பிரிக்கப்பட்டது, பம்ப் மாறியது, பிளக்குகள் மாறின, திறந்து மூடித் தீப்பொறியை உண்டாக்கும் சிறு சுவிட்சான பாயிண்ட் செட் மூன்று முறை மாறியது. பாயிண்ட் சீக்கிரம் நீலம் பாய்ந்து கருகியதற்கு மட்டமான சரக்கு என்று விளக்கம் கிடைத்தது.

புதுப்பேட்டையில் உதிரிபாகம் தேடிப் போனபோது அறிமுகமான ஒரு வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வண்டியைக் காட்டினேன். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. "நிக்கும்போது பாருங்க சார். ஓடுற வண்டியில நான் என்னத்தப் பாக்குறது?" என்றார். "அப்ப நான் என்ன பண்ணணும் பாய்?" என்று கேட்டதற்கு, பழைய பிளக் ஒன்றையும் இரண்டு ஒயர் பொருத்திய 12 வோல்ட் பல்பு ஒன்றையும் கையில் கொடுத்து, பார்க்க வேண்டிய வரிசையைச் சொன்னார்.

அடுத்த முறை வண்டி நின்றபோது, முதல் சிலிண்டரின் பிளக் ஒயரைக் கழற்றி அந்தப் பழைய பிளக்கில் செருகி, அதன் உலோக உடல் இன்ஜினைத் தொடும்படி வைத்தேன். மனைவி செல்ஃப் அடித்தார். தீப்பொறி இல்லை. பெட்ரோல் குழாயைப் பற்றிய பதினான்கு மாதப் பேச்சு அந்த ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்து, பல்பின் ஒரு முனையை, பேட்டரியின் 12 வோல்ட்டைத் தீப்பொறிக்கான உயர் வோல்ட்டாக மாற்றும் காயிலின் மைனஸிலும் மறுமுனையை பாடியிலும் வைத்து மீண்டும் செல்ஃப் அடித்தபோது பல்பு விட்டுவிட்டு எரிந்தது. ஆகவே காயிலுக்கு கரண்ட் வருகிறது, பாயிண்ட்டும் திறந்து மூடுகிறது. பிறகு, தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பகிர்ந்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடிக்கு நடுவில், காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரை உருவி, துணிக் கிளிப்பால் பிடித்து, இன்ஜினிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி வைத்துப் பார்த்தேன். அங்கேயும் தீப்பொறி இல்லை என்பதால் மூடியும் அதனுள் சுழலும் ரோட்டாரும் குற்றமற்றவை. பாயிண்ட்டோடு இணைந்து வேலை செய்யும் கண்டென்சருக்கு, கையோடு வைத்திருந்த மாற்று ஒன்றையும் போட்டுப் பார்த்தாயிற்று, பலன் இல்லை. காயிலைத் தொட்டேன், கையை ஒரு நொடிகூட வைத்திருக்க முடியவில்லை. (இந்த ஒயரில் வருவது இருபதாயிரம் வோல்ட் அளவிலானது. வெறும் கையால் பிடிக்கக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே கூடாது.)

அன்று மாலை, காயில் ஆறியபின், பிளஸ் மைனஸ் முனைகளுக்கு இடையே மல்டிமீட்டர் 1.8 ஓம் காட்டியது. மீட்டரின் இரு முட்களையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் 0.3 காட்டியது, அதைக் கழித்தால் 1.5. கரண்டைக் குறைக்கும் தனி ரெசிஸ்டர் இல்லாத பாயிண்ட் இக்னிஷனுக்கு ஏறக்குறைய 3 ஓம் காயில் வேண்டும். சந்தேகப்பட்டு, காயிலைச் சுற்றிப் பிடித்திருந்த தகரப் பட்டையைத் தளர்த்தி நகர்த்தினேன். வெளிறாத பெயின்ட்டின் மேல், வெளியே ரெசிஸ்டர் இணைத்தே பயன்படுத்த வேண்டும் என்ற ஒரு வரி ஆங்கிலத்தில் அச்சாகி இருந்தது. படிக்க வேண்டிய அந்த ஒரு வரியின் மேல்தான் பட்டை உட்கார்ந்திருந்தது. என் வண்டியில் ரெசிஸ்டர் கிடையாது. எனக்கு முன் யாரோ, இடத்தில் பொருந்திய காயிலை மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

கணக்கு எளியது. ஓடும்போது சார்ஜிங் 14 வோல்ட் என்றால், பாயிண்ட் மூடியிருக்கையில் 3 ஓம் காயிலில் ஐந்து ஆம்பியருக்குள் பாயும், 1.5 ஓமில் ஒன்பதைத் தாண்டும். சூடும் இரு மடங்கு. அந்தச் சூட்டில் காயிலின் உள்ளே இருக்கும் காப்பு தளர்ந்து மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடும்; ஆறினால் மீண்டும் வேலை செய்யும். பாயிண்ட் கருகியதற்கும் இதுதான் காரணம். 3 ஓம் காயில் மாட்டிய நாளிலிருந்து பள்ளிக்கரணையில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

ஆனால் வெயில் நேரத்தில், சூடான இன்ஜின் பிடிக்கச் சற்று முரண்டுவது மட்டும் நீடித்தது. பாயிண்ட் மூடிய நிலையில் காயிலின் பிளஸ்ஸில் அளந்தபோது பேட்டரியில் 12.5, காயிலில் 10.2 வோல்ட். இரண்டு வோல்ட்டுக்கு மேல் தேய்ந்த சாவி சுவிட்சிலும் பழைய ஒயரிலும் தங்கிவிட்டது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகப் புதிய ஒயர் இழுத்து, சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் ரிலே ஒன்றை வைத்து, பழைய ஒயரை அந்த ரிலேயை இயக்குவதற்கு மட்டும் விட்டதில் 12.1 வந்தது. இந்த வண்டிக்கு நான் செய்த வேலைகளில் செலவு குறைந்ததும் பலன் அதிகம் தந்ததும் இதுவே.

மழைக்காலத் தொல்லை வேறு வகை. கடலுக்கு ஐந்நூறு மீட்டருக்குள் தெருவில் நிற்கும் வண்டி. உப்புக்காற்றும் ஐப்பசி ஈரமும் சேர்ந்தால் காலையில் இரண்டு சிலிண்டரில் திக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜினை ஓடவிட்டுப் பானெட்டைத் திறந்து பார்த்தபோது, டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல் தலைமுடி கனத்தில் நீலக் கோடுகள் ஓடின. மூடியைக் கழற்றினால் உட்புறத்தில் இரண்டு முனைகளுக்கு நடுவே பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கரிக்கோடு. உப்புத்தாளால் தேய்த்தேன், இரண்டே வாரத்தில் திரும்ப வந்தது. மூடி, ரோட்டார், ஒயர்கள் மூன்றையும் ஒன்றாக மாற்றியபின்தான் தீர்ந்தது.

2022-இல் பாயிண்ட்டுக்குப் பதிலாக, ரோட்டாருக்குக் கீழே காந்த வளையமும் சென்சாரும் கொண்ட எலெக்ட்ரானிக் கிட் பொருத்தினேன். பொருத்தியதும் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், மாறும். டைமிங் லைட் வைத்துத் திரும்ப அமைக்க வேண்டியிருந்தது. வண்டி நிற்கையில் இன்ஜின் ஓடும் ஐடிலிங் சீரானது, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை பாயிண்ட் இடைவெளி சரிபார்க்கும் வேலை ஒழிந்தது. மைலேஜ் கூடும் என்று விற்றவர் சொன்னார். என் நோட்டுக் கணக்கில் அப்படி எதுவும் தெரியவில்லை. குறை ஒன்று உண்டு: பாயிண்ட் கெட்டால் கண்ணால் பார்க்கலாம், இது கெட்டால் பார்க்க எதுவும் இருக்காது. அதனால் பழைய பாயிண்ட் தட்டை 0.45 மில்லிமீட்டர் இடைவெளியில் அமைத்து, கண்டென்சரோடு பிஸ்கெட் டப்பாவில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன்.

சென்ற ஆண்டு அது தேவைப்பட்டது. பெசன்ட் நகரில் இன்ஜினை அணைத்துவிட்டு, ரேடியோவுக்காகச் சாவியை ஆனில் வைத்துக் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நேரமும் காயில் வழியாக கரண்ட் பாய்ந்துகொண்டே இருந்து கிட் செத்தது. தவறு முழுக்க என்னுடையது. தெருவிளக்கின் கீழே பாயிண்ட் தட்டை மாட்டி, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் ஒருமுறை சரிபார்த்துக் கிளம்ப நாற்பது நிமிடம் ஆயிற்று. மறுவாரம் புதுக் கிட் போட்டதோடு, ரேடியோவின் ஒயரைச் சாவியிலிருந்து பிரித்து ஃபியூஸ் வழியாக நேராக பேட்டரிக்குக் கொடுத்துவிட்டேன்.