பரம்பிக்குளம் அணை எங்கே இருக்கிறது? ஒரு நடப்பு நிகழ்வுகள் செயலியுடன் மூன்று ஆண்டுகள்

பொள்ளாச்சியில் இருக்கும் சித்தி மகள் போன வாரம் போனில் கேட்டாள். "அண்ணா, நீங்கள் படிக்கிற அந்த நடப்பு நிகழ்வுகள் செயலி இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறதாம். பணம் கட்டிவிடட்டுமா?" பாதி விலை என்ற சொல்லுக்குப் பிறகு அவள் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. பதினொரு நாள் முன்புதான் 899 ரூபாய் கட்டி நான்காம் ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தேன். இப்போது 449. மீதிப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று செயலிக்காரர்களுக்கு எழுதினேன். "உங்கள் கோரிக்கை பதிவு செய்யப்பட்டது" என்று பதில் வந்தது. மூன்று ஆண்டுகளில் அவர்களிடமிருந்து எனக்கு வந்த பதில் அது ஒன்றுதான். என் கோரிக்கைகள் எல்லாம் எங்கோ ஒரு பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன.

அவளுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை, அதைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

நான் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம், பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகா. வீட்டில் தமிழ், படித்தது தமிழ் வழியில், ரேஷன் அட்டையில் மலையாளம். பகலில் ஒரு தென்னந்தோப்பில் கள் கணக்கு எழுதுகிறேன். கிழக்கே எல்லையைத் தாண்டினால் அதே கள் குற்றம். எனவே என் வேலையே இந்த மாநிலத்தில்தான் வேலை என்று சொல்லிக்கொள்ளலாம். இரவில் கேரள அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வுகளுக்குப் படிக்கிறேன். எங்களைப் போன்ற மொழிச் சிறுபான்மையினருக்கு அந்த ஆணையம் வினாத்தாளைத் தமிழிலும் தருகிறது. தமிழும் மலையாளமும் தெரிந்த எழுத்தர் என்று தனிப் பணியிடமே இருக்கிறது. இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், பீர்மேடு பக்கத்துத் தமிழர்களுக்கும் இது தெரியும். செயலிக்கு மட்டும் தெரியாது.

2022 ஜூலையில் நிறுவியபோதே அது மொழி எது என்று கேட்டது. தமிழ் என்று தொட்டேன். அடுத்த வரியில் "உங்கள் மாநிலம்: தமிழ்நாடு" என்று அதுவே நிரப்பிக்கொண்டது. மாற்ற இடமில்லை. பின்னால் போய்க் கேரளத்தைத் தொட்டால் மொழி மலையாளமாகிவிடும். தமிழ் படிக்கிறவன் கேரளத்தில் இருக்க வழியில்லை, கேரளத்தில் இருக்கிறவன் தமிழ் படிக்க வழியில்லை. 1956-இல் மாநிலங்களைப் பிரித்தவர்கள்கூட இவ்வளவு சுத்தமாகக் கோடு போடவில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பக்கம் அருமையானது. மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் தமிழில் வெளியிடும் அறிக்கைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், ஒரு வாக்கியம் தொடங்கிய இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் நடுவில் ஒரு வாய் டீ குடித்துவிடலாம். இந்தச் செயலி அதை நான்கு வரியாக வெட்டித் தருகிறது. திட்டம் எது, எந்த அமைச்சகம், எந்த ஆண்டு தொடங்கியது, எவ்வளவு ஒதுக்கீடு, அவ்வளவுதான். புதிய நியமனம் என்றால் அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்தவர் பெயரும் கூடவே இருக்கும். தேர்வில் கேட்பது பெரும்பாலும் அந்த முந்தையவரைத்தான் என்பது எழுதியவர்களுக்குத் தெரியும்.

காலையில் பன்னிரண்டு நிமிட ஒலித் தொகுப்பு ஒன்று வரும். கொழிஞ்சாம்பாறையில் பஸ் ஏறினால் சித்தூர் வருவதற்குள் முடிந்துவிடும். வாசிக்கும் பெண்மணிக்கு ழகரம் பிசகுவதே இல்லை. தேர்வுக்குப் படிக்காத என் அம்மாவும் அதைக் கேட்கிறார். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் குகேஷ் டிங் லிரனை வென்று பதினெட்டு வயதில் உலகச் சாம்பியன் ஆனாரே, மறுநாள் அந்தக் குரலில் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுப் பையன் ஜெயித்த மாதிரி அம்மா பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னார். அதே டிசம்பர் 12 அன்றுதான் வைக்கத்தில் புதுப்பிக்கப்பட்ட பெரியார் நினைவகத்தை இரு மாநில முதலமைச்சர்களும் சேர்ந்து திறந்துவைத்தார்கள். 1924-இல் தொடங்கிய சத்தியாகிரகத்தின் நூற்றாண்டு. அதைச் செயலி "தமிழ்நாடு" என்ற தலைப்பின் கீழ் போட்டது. வைக்கம் கோட்டயம் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனாலும் அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. செய்தி விரிவாக இருந்தது, ஆண்டு சரியாக இருந்தது, யாருடைய பக்கத்தில் இருந்தால் என்ன என்று விட்டுவிட்டேன்.

கோபம் வருவது ஊர்ப் பெயர்களில். இவர்கள் கேரளச் செய்திகளை ஆங்கிலத்தில் இருந்து எடுக்கிறார்கள் போலிருக்கிறது. கோழிக்கோடு "கோசிக்கோடு" ஆகும். ஆலப்புழை "ஆலப்புஸா" ஆகும். 2025 மே 2 அன்று பிரதமர் விழிஞ்ஞம் துறைமுகத்தை நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஆய் மன்னர்கள் காலத்தில் இருந்து வரலாற்றில் அடிபடும் ஊர் அது. செயலியில் அது "விசின்ஜாம்". வாசிக்கும் பெண்மணி, பாவம், எழுதிக் கொடுத்ததைத்தானே வாசிப்பார், தன் அழகான ழகரத்துக்கு வேலை இல்லாமல் அதை அப்படியே சொன்னார். 2024 ஜூலை 30 அதிகாலை வயநாட்டில் மலை சரிந்தபோது முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தன. செயலியில் "சூரல்மாலா". சூரல் என்றால் பிரம்பு, மலை என்றால் மலை, இரண்டும் நம் சொற்கள். நூற்றுக்கணக்கானவர்கள் இறந்த ஊரின் பெயரையாவது சரியாக எழுதுங்கள் என்று அன்று இரவே எழுதிப் போட்டேன். கோரிக்கை பதிவு செய்யப்பட்டது.

மலையாளப் பதிப்புக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதானே என்று தோழர்கள் கேட்பார்கள். இரண்டு மாதம் மாறிப் பார்த்தேன். படிக்கத் தெரியும், வேகம் வராது. வினாத்தாளைத் தமிழில் எழுதுகிறவன் பெயர்களையும் துறைகளையும் மலையாளத்தில் மனப்பாடம் செய்தால் கூடத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதுவும் இந்த இரு மொழிகளும் அண்ணன் தம்பி போல முகம் ஒத்து, புத்தி வேறாக இருப்பவை. அங்கே வகுப்பு என்றால் அரசுத் துறை. அவகாசம் என்றால் உரிமை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குப் பெயர் விவராவகாச நியமம். ராஜி என்றால் பதவி விலகல். என் குறிப்பேட்டில் "மந்திரி ராஜி" என்று அவசரத்தில் எழுதி வைத்திருந்ததைச் சித்தி மகள் ஒருமுறை புரட்டிவிட்டு, "அமைச்சர் யாரோடு ராஜி ஆனார், அண்ணா?" என்று கேட்டாள்.

அதனால் தமிழ்ப் பதிப்புக்கே திரும்பி வந்தேன். கேரளச் செய்திக்கு டீக்கடையில் மலையாளப் பத்திரிகை, ஆணையம் வெளியிடும் மலையாள புல்லட்டின், ஒரு குயர் நோட்டு. கேரள அரசு தரும் எழுத்தச்சன் விருது, ஜே.சி. டேனியல் விருது என்று எல்லாம் கையால் எழுதி வைத்தவை. மலையாளத் திரையுலகின் தந்தை என்று அங்கே கொண்டாடப்படும் அந்த டேனியல் பிறந்த அகஸ்தீஸ்வரம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. எல்லைக்கு இரு பக்கமும் கேட்கக்கூடிய கேள்வி. செயலியில் மூன்று ஆண்டுகளாக அந்த விருது வந்ததே இல்லை. 2024-இல் எழுத்தர் தேர்வு எழுதியபோது கேரள நடப்பில் நான்கு கேள்விகளைத் தொடாமல் விட்டேன். தவறான ஒவ்வொரு விடைக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போய்விடும். தமிழ்நாட்டு நான்காம் தொகுதி (குரூப் 4) தேர்வு மாதிரி துணிந்து எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு வர முடியாது.

இனி அணைக்கு வருகிறேன்.

செயலியில் எனக்கு மிகவும் பிடித்தது "தவறிய கேள்விகள்" என்ற பகுதி. தினமும் பத்துக் கேள்வி வரும். நாம் தவறவிட்டது மூன்றாம் நாள் திரும்ப வரும், பிறகு பத்தாம் நாள், பிறகு முப்பதாம் நாள். சரியாகச் சொல்லும்வரை மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். வாங்கிய கடனை மறக்கவிடாத பலசரக்குக் கடைக்காரர் போல. ராம்சர் தலங்கள் எனப்படும் ஈரநிலங்களும் புவிசார் குறியீடுகளும் என் மண்டையில் நின்றது இதனால்தான். இந்த ஒன்றுக்காகவே பணம் கட்டலாம் என்று எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

2022 செப்டம்பர் 21 அன்று பரம்பிக்குளம் அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் வெளியேறியது. மறுநாள் கேள்வி: "பரம்பிக்குளம் அணை எந்த மாநிலத்தில் உள்ளது?" கேரளம் என்று தொட்டேன். சிவப்பு. சரியான விடை தமிழ்நாடு என்றது செயலி.

தவறு எப்படி நேர்ந்திருக்கும் என்பது எனக்குப் புரிகிறது. அணை பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது. அதைப் பராமரிப்பதும் இயக்குவதும் தமிழ்நாடு. மதகைச் சரிசெய்ததும் தமிழ்நாட்டுப் பொறியாளர்கள்தாம். சாலை வழியாகப் பரம்பிக்குளம் போக வேண்டுமென்றால் பாலக்காட்டுக்காரனே சேத்துமடை, டாப் ஸ்லிப் என்று தமிழ்நாட்டுக்குள் சுற்றித்தான் போக வேண்டும். சென்னையிலோ எங்கோ உட்கார்ந்து கேள்வி தயாரிக்கும் ஒருவர் குழம்பியிருக்கலாம். அவரை மன்னித்துவிடுகிறேன்.

ஆனால் எங்களுக்கு அது வெறும் கேள்வி இல்லை. இரு மாநிலங்களுக்கும் இடையிலான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தம் 1970-இல் கையெழுத்தாகி 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாக வைத்துக்கொள்ளப்பட்டது. அதன்படி மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டிஎம்சி தண்ணீர் சித்தூர்ப் பாசனத்துக்கு வர வேண்டும். எங்கள் மாமாவின் வயலுக்கு இரண்டாம் போகம் உண்டா இல்லையா என்பது அந்த எண்ணில் இருக்கிறது. செயலியில் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு வரி வரும்: "ஆழியாற்றில் இருந்து கேரளாவுக்குத் தண்ணீர் திறப்பு." அங்கே தண்ணீர் திறக்கப்படுகிறது, இங்கே தண்ணீர் வந்து சேர்கிறது. அதே தண்ணீர், அதே தமிழ், வினைச்சொல் வேறு. எங்கள் ஊர் டீக்கடையில் இதை வைத்து அரை நாள் பேசலாம், பேசியும் இருக்கிறோம்.

மூன்றாம் நாள் கேள்வி திரும்ப வந்தது. கேரளம், சிவப்பு. பத்தாம் நாள் வந்தது. முப்பதாம் நாள் வந்தது. இப்படி மூன்று ஆண்டுகளாக மாதம் ஒருமுறை அந்த அணை என்னைத் தேடி வருகிறது. ஆதாரத்தோடு எழுதினேன், வரைபடம் அனுப்பினேன், கோரிக்கை பதிவு செய்யப்பட்டது. ஒருமுறை தமிழ்நாடு என்று தொட்டுவிட்டால் போதும், வாழ்நாளுக்கும் வராது. "ஒரு கேள்விதானே, தொட்டுத் தொலைக்கக் கூடாதா?" என்று அம்மாவே கேட்டார். விரல் அந்த இடத்துக்குப் போகும், நிற்கும், திரும்பிவிடும். தவறாமல் நூற்றுக்கு நூறு என்று ஒரு மாதத்தை நான் முடித்ததே இல்லை.

சித்தி மகளுக்கு இப்போது பதில். நீ ஜூலை 12 அன்று நான்காம் தொகுதி எழுதிவிட்டு, அடுத்து இரண்டாம் தொகுதிக்குப் படிக்கிறாய். உன் மாநிலம் தமிழ்நாடு, உன் மொழி தமிழ். இந்தச் செயலி உனக்காகவே செய்தது. 449 ரூபாய்க்கு இதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. கட்டிவிடு. கேரள ஊர்ப் பெயர்களை மட்டும் என்னிடம் கேட்டு எழுதிக்கொள். எல்லையில் இருக்கும் வேலந்தாவளத்துக்கு மேற்கே இருக்கிற தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு: வாங்க வேண்டாம். அந்தப் பணத்தில் பத்திரிகை வாங்குங்கள், ஒரு குயர் நோட்டு வாங்குங்கள். செயலிக்கு நான் நேற்று ஒரு நட்சத்திரம் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு அம்மாவின் போனிலும் அதே செயலியை நிறுவி 449 கட்டினேன். அவருக்குக் காலையில் அந்தக் குரல் வேண்டுமாம். நிறுவும்போது மாநிலம் தமிழ்நாடு என்று அதுவே நிரப்பிக்கொண்டது. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்துவிட்டு, "இதை யாருடா மாற்றியது?" என்றார்.

இன்று காலை பஸ்ஸில் என் போனில் அணை வந்திருந்தது. கேரளம் என்று தொட்டேன்.

சிவப்பு.