முலாம் பட்டறை அலசுநீர்: காஸ்டிக் சோடாவா, பாக்டீரியாவா, கடற்பாசியா?

உலோகப் பொருள்களுக்கு முலாம் பூசும் பட்டறையில், பூசியபின் அலசிய நீரில் உலோகம் கலந்திருக்கும்; அதை எப்படி நீக்குவது? சிங்கப்பூரில் பொதுக் கழிவுநீர்க் குழாயில் விடும் தொழிற்சாலை நீரில், லிட்டருக்குத் தாமிரம் 5 மில்லிகிராம், நிக்கல் 10 வரை இருக்கலாம். ஆனால் நச்சு உலோகங்கள் எல்லாம் சேர்ந்தே 10-ஐத் தாண்டக் கூடாது. தாமிரம் 4, நிக்கல் 7 என்றால் தனித்தனியே பாஸ், கூட்டினால் ஃபெயில்.

வழக்கமான வழி, காஸ்டிக் சோடா விட்டு நீரின் பிஎச்சை (காரத்தன்மையை) ஏற்றி உலோகத்தைப் படியவைப்பது. மலிவு, வேகம். பிஎச் 9-ல் தாமிரம் படிந்துவிடும். நிக்கலுக்கு 10-க்கு மேல் ஏற்ற வேண்டும், அங்கே குரோமியம் மறுபடி கரையத் தொடங்கும். அம்மோனியாவோ, உலோகத்தைக் கரைசலிலேயே பிடித்துவைக்கும் இடிடிஏ-வோ கலந்திருந்தால் தாமிரமும் ஒழுங்காகப் படியாது. மிஞ்சும் நச்சுச் சேற்றை அள்ளிப்போக உரிமம் பெற்றவர்களுக்குக் காசு கொடுத்தாக வேண்டும்.

சல்ஃபேட்டைச் சல்ஃபைடாக்கும் பாக்டீரியா, உலோகத்தை மிகக் குறைந்த அளவுக்கு இறக்கிவிடும். நெதர்லாந்தின் பூடல் துத்தநாக ஆலையில் 1990-களிலேயே இது ஓடத் தொடங்கியது. சின்னப் பட்டறைக்கு வேண்டாம். காற்றுப் புகாத தொட்டி, தினமும் எத்தனால் போன்ற தீனி, பழக வாரக்கணக்கு. போதாக்குறைக்கு ஹைட்ரஜன் சல்ஃபைடு. செறிவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது, ஆபத்தே அதுதான்.

மூன்றாவது வழி சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி. அது உயிரோடு இருக்க வேண்டியதில்லை. காய்ந்த பாசியின் செல்சுவரில் உள்ள அல்ஜினேட் என்ற பொருளே உலோகத்தைப் பிடிக்கும். 1–2 மில்லிமீட்டராக நொறுக்கி, 0.1 மோலார் கால்சியம் குளோரைடில் ஓரிரவு ஊறவைத்துக் கழுவுங்கள். இதைத் தவிர்த்தால் பாசி வழவழத்துக் குழாய் அடைக்கும், நீரின் சிஓடி (கரிமக் கழிவின் அளவு) ஏறும்.

ஆய்வகத்தில் கிராமுக்கு 60 மில்லிகிராம் தாமிரம் வரை பிடிக்கும். கணக்குக்குப் பாதியை எடுங்கள்: 10 கிலோ பாசிக்கு 300 கிராம். நாளுக்கு ஒரு கனமீட்டர் நீர், லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால் 60 நாள் தாங்கும். அதுவே 100 மில்லிகிராம் என்றால் மூன்றே நாள்! ஆகவே பாசியை முதல் தொட்டியில் போடாதீர்கள். காஸ்டிக் சோடாவுக்குப் பின்னால், கடைசிக் கட்டமாக வையுங்கள். காஸ்டிக் சோடாவுக்குப் பதில் சுண்ணாம்பு போட்டு, அதற்குப் பின்னால் வைத்தால் அதிலுள்ள கால்சியம் போட்டிக்கு வரும்.

பாசிக்குப் பிஎச் 5 வேண்டும், அதனால் இடையில் அமிலம் விட வேண்டும். அதற்கு முன் மணல் வடிகட்டி கட்டாயம். தப்பி வரும் படிவுத் துகள் அமிலத்தில் கரைந்து பாசியை நிரப்பிவிடும். ஆறு மதிப்புக் குரோமியம் (Cr⁶⁺) இந்த பிஎச்சில் அவ்வளவாக ஒட்டாது. சோடியம் பைசல்ஃபைட்டால் அதை மூன்று மதிப்புக் குரோமியமாக (Cr³⁺) மாற்றி, முதல் தொட்டியிலேயே படியவிடுங்கள்.

பாசி நிரம்பியதும் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவி, மறுபடி கால்சியம் ஏற்றலாம். கழுவிய அமிலம் முதல் தொட்டிக்கே போகும். வெளியேறும் நீரின் பிஎச்சைக் கடைசியில் 6-க்கு மேல் கொண்டுவர மறக்க வேண்டாம்: அனுமதி 6 முதல் 9 வரைதான்.