ஈரக் கைக்கு இடமில்லை: தொடுபொத்தான் அடுப்புடன் நான்கு வருடம்

"இண்டக்‌ஷன் அடுப்பு விலை இறங்கியிருக்கு. நீ வச்சிருக்கியே, அதே மாதிரிதான். வாங்கலாமாப்பா?"

நண்பன் கேட்ட நேரம் சரியில்லை. பழுதுபார்க்கப் போன என் அடுப்பு பதினோரு நாள் கழித்து அன்றைக்குத்தான் வீடு திரும்பியிருந்தது. "வாங்காதே" என்று அடித்தேன். அனுப்பாமல் அழித்தேன். நான்கு வருடமாகத் தினம் இரண்டு வேளை சோறு போட்ட பொருளைப் பற்றி ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதுவது அநியாயம் என்று பட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எத்தனை வாட், எத்தனை நிலை என்பதெல்லாம் பெட்டியிலேயே இருக்கும், அதை விட்டுவிடலாம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பின்னால் மனம் வராது.

பால். பொங்கி விளிம்பைத் தொடுகிற நொடியில் அடுப்பை நிறுத்தினால், அதட்டல் கேட்ட பிள்ளை மாதிரி அப்படியே உட்கார்ந்துவிடும். அடுப்புக்குள் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் ஒரு வினாடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் ஓடுகிறது. அதன் காந்தப்புலம் பாத்திரத்தின் அடித்தகட்டுக்குள் சுழல் மின்னோட்டத்தைக் கிளப்ப, சூடாவது பாத்திரம்தான். அடுப்பின் மேல்தளக் கண்ணாடிக்கு வருவதெல்லாம் பாத்திரத்திடமிருந்து இரவல் வாங்கிய சூடு. 1831ல் பாரடே கண்டுபிடித்த விஷயம், என் பால் சட்டி வரை வந்து சேர இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது. இரவல் வாங்கிய சாதா மின்சுருள் அடுப்பில் பதினோரு நாள் சமைத்தேன் இல்லையா, அதில் மூன்று தடவை பால் பொங்கி வழிந்தது. நிறுத்திய பிறகும் சுருள் கோபம் தணியாமல் சிவந்து கிடக்கிறது, என்ன செய்ய?

1950களில் அமெரிக்காவில் ஃபிரிஜிடெர் நிறுவனம் இந்த அடுப்பைக் காட்சிக்கு வைத்தபோது, அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் செய்தித்தாளை வைத்துத் தண்ணீரைக் கொதிக்கவிட்டார்கள். தாள் எரியவில்லை. வாங்கிய முதல் வாரம் நானும் அதைச் செய்து பார்த்தேன். தண்ணீர் கொதித்தது, தலையங்கம் கருகவில்லை. கருகியிருக்க வேண்டிய தலையங்கம்தான் அது. (எண்ணெய்ச் சட்டியை வைத்து இந்த விளையாட்டு வேண்டாம். தண்ணீர் நூறு டிகிரியோடு நின்றுவிடும், எண்ணெய் நிற்காது.)

எதிர்பாராமல் கிடைத்த இன்னொன்று, சத்தம். பலருக்கு இது குறை. அடியில் இரண்டு மூன்று உலோகத் தகடு ஒட்டிய பாத்திரத்தை வைத்து வேகத்தைக் கூட்டினால் மெல்லிசாக ஒரு ரீங்காரம் வரும். தகடுகள் அதிர்வதால் வருவது. அறிவியல் புனைகதை படித்தே கெட்டுப்போன எனக்கு, அது விண்கலத்தின் இயந்திர அறைக்குப் பக்கத்தில் படுத்திருப்பது போன்ற ஒரு சுகம். நாளாக ஆக அந்தச் சத்தத்தை வைத்தே சமைக்கப் பழகிவிட்டேன். சூப்பில் தண்ணீர் வற்ற வற்ற ரீங்காரத்தின் சுருதி மாறும். அடுத்த அறையில் தேர்தல் முடிவுகளைப் பார்த்துக்கொண்டே "ஆச்சு, இன்னும் ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். தேர்தல் பற்றிய என் கணிப்புகளை விடச் சரியாக.

அப்புறம் நேரக் கணிப்பான். சோற்றுக்குப் பதினெட்டு நிமிடம் வைத்துவிட்டு ஒரு சிறுகதை படிக்கலாம். பருப்புக்குக் கொஞ்சம் நீண்ட கதை. நான்கு வருடத்தில் நான் படித்த சிறுகதைகளில் பாதி இந்த அடுப்பு கொடுத்த இடைவெளியில் படித்ததுதான். தானாக நின்றுகொள்ளும் என்ற தைரியத்தில்தான் படிக்கவே முடிந்தது.

சரி, நல்லது முடிந்தது.

வெங்காயம் வதங்குகிறது. பொன்னிறம் தாண்டி, இன்னும் அரை நிமிடம் விட்டால் கருகும் என்ற கட்டம். என் கை அப்போதுதான் கீரை அலசிய தண்ணீரிலிருந்து வெளியே வருகிறது. கண்ணாடியில் மினுங்கும் கழித்தல் குறி மேல் விரலை வைக்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்துகிறேன். அழுத்தி என்ன பயன், அது பொத்தானே இல்லை, பொத்தானின் படம். சட்டையில் விரலைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறேன். இதற்குள் விரலிலிருந்து சொட்டிய ஒரு துளி கழித்தலுக்கும் கூட்டலுக்கும் நடுவே பரவிவிட்டது. பீப். எண் ஏறுகிறது, இறங்க வேண்டிய எண். துளியைத் துடைக்கப் போனால் அந்தத் துடைப்பையே ஏழெட்டுக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, நீண்ட பீப் ஒன்று போட்டு, அடுப்பு மொத்தமாக அணைந்துவிடுகிறது. வெங்காயம் தப்பித்தது என்று நினைப்பீர்கள். இல்லை, அது ஏற்கெனவே கருகிவிட்டது.

இது ஏதோ ஒரு நாள் நடந்த கதை இல்லை. நான்கு வருடமும் இதே கதைதான். தொடுபொத்தான் வேலை செய்வது நம் உடம்பு மின்சாரத்தைக் கடத்தும் என்ற ஒரே நம்பிக்கையில். விரல் அருகே வந்தால் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் சின்ன மின்புலம் மாறும், அந்த மாற்றத்தைத்தான் அடுப்பு "தொட்டான்" என்று புரிந்துகொள்கிறது. குழாய்த் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். அடுப்பின் பார்வையில் ஒரு தேக்கரண்டித் தண்ணீர் என்பது தட்டையான, பொறுமையில்லாத ஒரு மனிதன். சமையலறையில் தண்ணீர் இருக்கும் என்பதை யாராவது இவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

கோபத்தில் பாதி என் மேலேயே. கடையில் இதைப் பார்த்து மயங்கியது நான்தான். கறுப்புக் கண்ணாடி, ஒரு மேடு பள்ளம் இல்லை, தொட்டதும் ஒளிரும் எண்கள். 1987ல் தொடங்கிய 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில், விண்கலத்துக்காக மைக்கேல் ஒகூடா வடிவமைத்த கட்டுப்பாட்டுப் பலகைகள் அப்படியே நினைவுக்கு வந்தன. எதிர்காலத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிற பெருமையோடு தூக்கி வந்தேன். பிற்பாடுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பலகைகள் பின்னாலிருந்து விளக்குப் போட்ட அச்சுப் படங்கள். நூற்றுக்கணக்கில் நிஜப் பொத்தானும் விளக்கும் பொருத்துவதை விட அது மலிவு என்பதும் அந்த வடிவத்துக்கு ஒரு காரணம். நடிகர்கள் தொட்டார்கள், கலம் திரும்பியது போலக் காட்சி வந்தது, அவ்வளவுதான். அந்தக் கலத்தில் யாரும் கீரை அலசவில்லை. ஒரு தயாரிப்புச் செலவுக் கணக்கை எதிர்காலம் என்று நம்பி நாம் எல்லாரும் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

இதில் ஏமாந்தது நான் மட்டும் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். 2017 ஆகஸ்டில் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் சிங்கப்பூர் அருகே ஒரு டாங்கர் கப்பலோடு மோதியது. பத்து மாலுமிகள் இறந்தார்கள். தொடுதிரையில் எந்த மேசையிடம் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்ற குழப்பம் விசாரணையில் வெளிவந்தது. பயிற்சிக் குறைவும் சேர்ந்துதான். 2019ல் அந்தக் கடற்படை, வேகக் கட்டுப்பாட்டைத் தொடுதிரையிலிருந்து எடுத்துக் கையால் பிடித்துத் தள்ளும் பழைய நெம்புகோலுக்கே மாற்ற முடிவு செய்தது. பத்து உயிரையும் என் வெங்காயத்தையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் பார்க்காமலே கைக்குத் தெரிகிற ஒரு பிடி வேண்டும் என்று மாலுமிகள் கேட்டது எனக்கு நன்றாகப் புரிகிறது.

நான் படித்து வளர்ந்த கற்பனை உலகங்களிலும் சமையலறைக்கு மரியாதை கிடையாது. எட்வர்ட் பெல்லமி 1888ல் 'லுக்கிங் பேக்வர்ட்' நாவலில் 2000ஆம் ஆண்டைக் கற்பனை செய்தபோது, சமையலை வீட்டைவிட்டே வெளியேற்றிப் பொதுச் சமையற்கூடத்துக்கு அனுப்பிவிட்டார். அர்சுலா லெ குவின் 1974ல் 'தி டிஸ்பொசஸ்ட்' நாவலில் படைத்த அனாரெஸ் என்ற கற்பனை உலகில் எல்லாரும் பொது உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறார்கள். கொள்கையளவில் எனக்கு இதில் முழுச் சம்மதம். ஒரே ஆள் ஒரே அடுப்பில் ஆயுள் முழுக்க நிற்பதை விட எவ்வளவோ மேல். ஆனால் பொதுச் சமையற்கூடத்திலும் யாரோ ஒருவர் ஈரக் கையோடுதான் நிற்பார். அந்தக் கை எனக்கு அந்த நாவல்களின் எந்தப் பக்கத்திலும் தட்டுப்படவில்லை.

"சமைக்கத் தெரியாதவன் செய்த அடுப்பு" என்றுதான் முன்பெல்லாம் திட்டுவேன். அந்த வசவையும் விட வேண்டியதாகிவிட்டது. 1926ல் ஃபிராங்க்ஃபர்ட் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டெ ஷூட்டெ-லிஹோட்ஸ்கி வடிவமைத்த சமையலறைதான் இன்றைய பொருத்தப்பட்ட சமையலறைகள் எல்லாவற்றுக்கும் பாட்டி. ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், அதற்குள் எல்லாம். நாஜிகளை எதிர்த்ததற்காக 1941லிருந்து 1945 வரை சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் அவர். அதை வடிவமைக்கும் வரை தான் சமைத்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சமைக்கவில்லை, ஆனால் ஒரு பெண் அடுப்பிலிருந்து தொட்டிக்கு எத்தனை அடி நடக்கிறாள் என்று கணக்குப் பார்த்தார். இந்த அடுப்பைச் செய்தவர்கள் நன்றாகவே சமைப்பார்களோ என்னவோ. பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்று யார் கையையும் பார்க்கவில்லை.

நியாயத்துக்காக ஒன்று. ஓட்டை இல்லாத கண்ணாடியைத் துடைப்பது சுலபம், ஒரே இழுப்பு. திருகு குமிழ் இருந்தால் அதன் இடுக்கில் எண்ணெய்ப் பிசுக்கு சேரும், பல் துலக்கும் பிரஷ் கொண்டு குடைய வேண்டும். முதல் மாதம் இதை நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இனி பழுது. போன மாதம் கழித்தல் குறி சுத்தமாகச் செத்துவிட்டது, உலர்ந்த விரலுக்குக்கூட. கூட்ட மட்டும்தான் முடியும், குறைக்க முடியாது. (பொருளாதாரக் கொள்கை ஏதாவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) குறைக்க வேண்டுமானால் அணைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஏற வேண்டும். நிறுவனத்தின் சேவை மையத்தில், கட்டுப்பாட்டுப் பலகை முழுதையும் மாற்ற வேண்டும், அந்தப் பலகை இப்போது வருவதில்லை, புதிது வாங்கினால் தள்ளுபடி உண்டு என்றார்கள். இதைச் சொல்ல ஒன்பது நாள்.

தொலைக்காட்சி பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். ஆறு திருகைக் கழற்றி, கண்ணாடியைத் தூக்கிச் சுவரில் சாய்த்து வைத்தார். அடியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சின்னச் சுருள்வில், பேனாவுக்குள் இருக்குமே அந்த அளவுதான், பலகையிலிருந்து எழும்பிக் கண்ணாடியை முட்டிக்கொண்டு நின்றது. கழித்தல் குறியின் வில் மட்டும் நீராவி பட்டுத் துருவேறி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, இடுக்கியால் நிமிர்த்தி, கொஞ்சம் இழுத்துவிட்டார். "இதுக்கா பலகையை மாத்தச் சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். வேலை இருபது நிமிடம்கூட இல்லை. மின்பொருளை எவ்வளவு சுலபமாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போட்டு ஒட்டியே விற்க வேண்டும் என்ற சட்டத்தை பிரான்ஸ் 2021ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கைப்பேசி, மடிக்கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், புல்வெட்டி என்று தொடங்கினார்கள். அடுப்பு அந்த முதல் பட்டியலில் இல்லை. புல் வெட்டுகிறவர்களுக்கு இருக்கும் செல்வாக்கு சமைக்கிறவர்களுக்கு இல்லை போலிருக்கிறது.

மிகக் குறைந்த சூட்டில் இது தொடர்ந்து எரியாமல் விட்டு விட்டு வேலை செய்யும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மெல்லிய பாத்திரத்தில் பாலும் மாவும் சேர்த்துக் கிளறினால் அடிபிடிக்கும். கனமான பாத்திரம் போட்டால் தெரியாது. இது எனக்குப் பெரிய குறையாகப் படவில்லை.

ஆக, நான்கு வருடத்தில் ஒரே ஒரு பழுது. அதுவும் சுருளிலோ விசிறியிலோ இல்லை, பொத்தானில். பால் பொங்கவில்லை, நூற்றுக்கணக்கில் கதை படித்தேன், காஸ் இல்லாத அறையில் கோடையிலும் வியர்க்காமல் சமைத்தேன். மீதியெல்லாம் பத்துக்கு ஒன்பது வாங்கும். இருந்தாலும் நண்பனுக்கு "வேண்டாம்" என்றுதான் எழுதினேன். நேற்றிரவும் வெங்காயம் கருகியது, அதனால் இருக்கலாம். திருகு குமிழ் வைத்தது கிடைத்தால் யோசிக்காமல் வாங்கு, விலை கூட இருந்தாலும் பரவாயில்லை என்றும் சேர்த்தேன்.

அனுப்பிய கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. "காலையிலேயே வாங்கிட்டேன்ப்பா."

"குமிழ் வச்சதா?"

"இல்ல, முழுக்கக் கண்ணாடி. பார்க்க அப்படியே விண்கலம் மாதிரி இருக்கு."

அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு உலர்ந்த துணியை ஆணியடித்து மாட்டச் சொன்னேன்.