நாய்க்கடி ஊசி: மருந்தில் குறையில்லை, போடும் விதத்தில்தான்

நாய்க்கடி ஊசி என்றதும் தொப்புளைச் சுற்றிப் போட்ட 14 ஊசியை இன்னும் பலர் சொல்கிறார்கள். அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய செம்பிள் தடுப்பூசி. மருந்தோடு நரம்பைப் போர்த்தியிருக்கும் மயலின் என்ற உறைப்பொருளும் சேர்ந்தே உள்ளே போனதால், சிலருக்கு உடம்பின் எதிர்ப்பாற்றல் சொந்த நரம்புகளையே தாக்கியது. பக்கவாதம் வரை கொண்டுபோய் விட்ட மருந்து அது. இந்தியாவில் 2004-05 வாக்கில் அதற்கு முடிவு கட்டினார்கள். இப்போது கிடைக்கும் அபயராப், இண்டிராப், ராபிவாக்ஸ்-எஸ், கைரோராப் எல்லாமே செல் வளர்ப்பில் தயாரித்துச் செயலிழக்கச் செய்த ரேபிஸ் (வெறிநோய்) வைரஸ். தசையில் போடும் ஒரு டோஸில் குறைந்தது 2.5 யூனிட் வீரியம் இருந்தாக வேண்டும். எந்த பிராண்டு உசத்தி என்று கடைக்காரரிடம் விசாரித்துக்கொண்டு நிற்பது வீண் வேலை. அங்காடியில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம்.

அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறை: இரண்டு தோள்களிலும் 0.1 மி.லி. வீதம், 0, 3, 7, 28ஆம் நாட்களில். தனியாரில் பெரும்பாலும் தசையில் முழு டோஸ்: 0, 3, 7, 14, 28. முதல் ஊசி போட்ட நாள்தான் 0. கடித்த நாள் அல்ல. கணக்கு அதிகம் தப்புவது இங்கேதான். அரசில் கொஞ்சூண்டு மருந்து போட்டு ஏமாற்றுகிறார்கள் என்ற பேச்சுக்கு அடிப்படை இல்லை. தோலில் டெண்ட்ரிட்டிக் செல்கள் நெருக்கமாக இருக்கின்றன. மருந்தைப் பிடித்து நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிடும் டி செல்லிடம் காட்டுவது அவற்றின் வேலை. அதனால் சிறிய அளவே போதும். ஆனால் போடும் கை பழகியிருக்க வேண்டும். ஊசி சரியாக இறங்கினால் தோல் ஆரஞ்சுத் தோல் போலப் புள்ளி புள்ளியாகப் புடைக்கும். புடைக்கவில்லை என்றால் மருந்து தோலுக்குக் கீழே போய்விட்டது. பக்கத்திலேயே இன்னொரு இடத்தில் திரும்பப் போடச் சொல்லுங்கள். ஸ்டீராய்டு, மலேரியா மருந்தான குளோரோகுயின் எடுப்பவர்களுக்கும் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் தசை ஊசிதான் நம்பகமானது. தசை ஊசியும் தோளில்தான், சின்னக் குழந்தைக்குத் தொடையின் முன்பக்கவாட்டில். புட்டத்தில் போட்டால் கொழுப்பில் தங்கிப் பலன் குறையும்.

தோலுக்குள் போடும் முறையின் ஒரு நடைமுறைக் குறை, ஒரு குப்பியைப் பலருக்குப் பகிர வேண்டியிருப்பது. கரைத்த மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 6-8 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். அதனால் சின்ன மையங்களில் 'இன்னும் ரெண்டு பேர் வரட்டும்' என்று உட்காரவைப்பதுண்டு. மருந்து வீணாகக் கூடாது என்பது புரிகிறது. அதற்காக முதல் டோஸை மறுநாளுக்குத் தள்ளுவதை ஏற்க முடியாது.

தடுப்பூசியைப் பற்றி அவ்வளவுதான். உயிர் போவது சீரத்தைக் கோட்டைவிடும் இடத்தில்தான். சீரம் என்பது காயத்துக்குள் ஏற்றும் தயார்நிலை எதிர்ப்பொருள்.

ரேபிஸ் வைரஸ் ரத்தத்தில் சுற்றுவதில்லை. கடித்த இடத்துத் தசையில் தங்கி, நரம்பு முனைக்குள் நுழைந்து, நரம்பின் வழியே மூளைக்கு ஏறுகிறது. நரம்புக்குள் போய்விட்ட வைரஸை ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) தொடுவது கடினம். உடம்பும் அதை அடையாளம் கண்டு விழித்துக்கொள்வதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது. தடுப்பூசி போட்டாலும் பி செல்கள் பெருகிப் போதுமான எதிர்ப்பொருள் சுரக்க 7 முதல் 14 நாள் ஆகும், மி.லி.க்கு 0.5 யூனிட் என்பது உலக சுகாதார நிறுவனம் ஏற்கும் அளவு. அதுவரை காவலுக்கு ஆள் இல்லை. அந்த இடைவெளியை அடைக்கத்தான் தயாராக இருக்கும் எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். தோல் கிழிந்து ரத்தம் வந்த கடி, பிறாண்டல், புண்ணிலோ வாயிலோ கண்ணிலோ பட்ட எச்சில், எல்லாமே மூன்றாம் வகை, அதாவது ஆபத்து மிக அதிகமான வகை. இவற்றுக்கு ஊசி மட்டும் போட்டு அனுப்புவது பாதி வைத்தியம். முகம், தலை, கைவிரல் கடிக்கு இன்னும் அவசரம்: நரம்பு அதிகம், முகமும் தலையும் மூளைக்குப் பக்கம்.

கடையில் இந்த எதிர்ப்பொருள் மருந்து மூன்று வகை உண்டு. குதிரைச் சீரம் கிலோவுக்கு 40 யூனிட். மனிதச் சீரம் 20. 60 கிலோ ஆளுக்கு முறையே 2400, 1200 யூனிட். குதிரைச் சீரம் மலிவு, அரசில் கிடைப்பது. சுத்திகரிப்பு மேம்பட்டதால் ஒவ்வாமை முன்பைவிட வெகு குறைவு, தோல் சோதனை தேவையில்லை என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் கடும் ஒவ்வாமை வந்தால் போடும் அட்ரினலின் பக்கத்தில் இருக்கட்டும், வெறும் வயிற்றில் போகாதீர்கள், போட்ட பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே உட்காருங்கள். மனிதச் சீரம் நல்லது, விலைதான் ஆயிரக்கணக்கில். மூன்றாவது, ஒற்றைப்படியாக்க எதிர்ப்பொருள் (மோனோக்ளோனல்), அதாவது ஆய்வகத்தில் ஒரே அச்சாகத் தயாரிப்பது: சீரம் இன்ஸ்டிடியூட் கொண்டுவந்த ராபிஷீல்டு (கிலோவுக்கு 3.33 யூனிட்), பிறகு வந்த ஸைடஸின் ட்வின்ராப் (கிலோவுக்கு 40). யூனிட் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் அதனதன் கணக்கு. ராபிஷீல்டு வைரஸின் ஒரே இடத்தைப் பிடிக்கிறது. ட்வின்ராபில் இரண்டு எதிர்ப்பொருள்கள். குதிரையும் வேண்டாம், ரத்த தானமும் வேண்டாம், எப்போதும் ஒரே தரம். வாங்க முடிந்தால் இவைதான் எங்கள் தேர்வு. கிடைக்காவிட்டால் குதிரைச் சீரத்துக்குத் தயங்காதீர்கள். இதற்காக ஒரு நாள் காத்திருப்பதுதான் ஆபத்து.

சீரம் வாங்கிக் கொடுத்த பிறகும் தப்பு நடக்கிறது. முழுவதையும் இடுப்பில் ஒரே குத்தாகக் குத்திவிட்டு 'போட்டாச்சு' என்பார்கள். வைரஸ் இருப்பது காலில், மருந்து இருப்பது இடுப்பில். ஒவ்வொரு பல் தடத்தின் ஆழத்திலும் சுற்றிலும் ஏற்ற வேண்டும். வலிக்கும், வேறு வழியில்லை. காயம் நிறைய இருந்து மருந்து போதாவிட்டால் சலைனில் இரண்டு மூன்று மடங்கு நீர்க்கலாம். அளவை மட்டும் கூட்டக் கூடாது, கூடினால் தடுப்பூசியின் வேலையையே அமுக்கிவிடும். அதே சிரிஞ்சில், அதே இடத்தில் தடுப்பூசியும் கூடாது. விரல் நுனியில் மெதுவாக, கொஞ்சமாக. இறுக்கம் கூடினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். முதல் ஊசிக்கு 7 நாளுக்குப் பிறகு சீரம் வேண்டாம், அதற்குள் உடம்பே சுரக்கத் தொடங்கியிருக்கும். காயத்தைத் தைக்க அவசரப்படக் கூடாது. தைத்தே ஆக வேண்டுமென்றால் சீரம் ஏற்றிய பிறகு தளர்வாக.

இதற்கெல்லாம் முன்னால் காசில்லாத ஒன்று: ஓடும் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம். வைரஸின் மேலுறை கொழுப்பு, சோப்பில் கரையும். பிறகு போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காபித் தூள் வைத்துக்கொண்டு வருபவர்களின் காயத்தைக் கழுவவே நர்ஸுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கிறது.

கறி, மீன் சாப்பிடக் கூடாது என்ற பத்தியத்துக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லை. ஒரு தவணை தள்ளிப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம், மறுபடி முதலிலிருந்து வேண்டாம். ஊசி போட்ட சீட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முழுக்கப் போட்டவருக்கு நினைவு பி செல்கள் இருப்பதால், பின்னால் எப்போதாவது திரும்பக் கடித்தால் 0, 3 என இரண்டே நாள் ஊசி போதும். சீரம் தேவையே இல்லை. சீட்டு இல்லாதவரைப் புதிய ஆளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.