ஆறப்போட்டுப் பார்த்த படங்கள்

படம் பார்த்த இரவே அபிப்பிராயம் எழுதிவிடுகிறவர்கள் மீது எனக்குப் பொறாமைதான். என் புத்திக்குச் சில மாதங்கள் செல்ல வேண்டும். விசில் சத்தம் காதை விட்டுப் போன பிறகு எந்தக் காட்சி மிஞ்சுகிறது என்று பார்ப்பேன். அந்தக் கணக்கில், அண்மையில் வந்தவற்றுள் என்னிடம் அதிகம் தங்கியது ‘ஜமா’. 2024 ஆகஸ்டில் வந்து, வந்த சுவடே தெரியாமல் போன படம்.

திருவண்ணாமலைப் பக்கத்துத் தெருக்கூத்துக் குழுவின் கதை. பாரி இளவழகன் இயக்கி, பெண் வேடம் கட்டும் கல்யாணமாகவும் அவரே நடித்திருக்கிறார். திரௌபதி வேடம் கட்டிக் கட்டி நடையும் கையசைவும் மாறிப்போனவனுக்கு அர்ச்சுனன் வேடத்தில் ஆசை. குழுவை ஆட்டிப்படைக்கும் வாத்தியாராகச் சேத்தன். இந்த மனிதரை இலங்கையின் கிழக்கில், எங்கள் பக்கத்தில், யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. வடமோடி என்னும் எங்கள் ஊர்க் கூத்துக்கு அண்ணாவியார் (கூத்துப் பழக்கும் ஆசான்) சட்டம் கொடுக்கும், அதாவது வேடங்களைப் பிரித்துக் கொடுக்கும் நாளில், எதிர்பார்த்த வேடம் கிடைக்காதவனின் முகம் எப்படிக் கறுக்கும் என்று கண்டிருக்கிறோம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் தீப்பள்ளயம் என்னும் தீமிதிப்புத் திருவிழாவில் பாண்டவர் வனவாசம் போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்குக் கல்யாணத்தின் ஏக்கம் சின்ன விடயமல்ல. ஒரு குறை: கூத்தின் தாளமே போதுமான இடங்களிலும் பின்னணி இசை முந்திக்கொள்கிறது. இசை இளையராஜா; அவருடைய இரசிகனாக இருந்தும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்தது ‘மெய்யழகன்’. வெளியான சில நாட்களில் ஏறத்தாழ 18 நிமிடங்களை வெட்டினார்கள். மட்டக்களப்பில் மாலைக் காட்சி பார்த்துவிட்டுக் கல்முனைக்குப் பஸ் பிடிக்க ஓடுகிற நான் மகிழ்ந்திருக்க வேண்டும். இல்லை. அந்த இழுவைதான் படம். சொந்த ஊரை விட்டுப் போனவன் (அரவிந்த்சாமி) கலியாண வீட்டுக்கு வருகிறான். அவனை ஒருவன் அன்பால் போட்டுத் திணறடிக்கிறான். அவன் பெயர் இவனுக்கு ஞாபகமில்லை. ‘என்னைத் தெரியுதா?’ என்று கேட்பவரிடம் தெரிந்தது போலச் சிரித்துச் சமாளித்த அனுபவம் யாருக்குத்தான் இல்லை? மணமேடையிலேயே தங்கை பரிசுப் பெட்டியைப் பிரித்து நகையைப் போட்டுக்கொள்ளும் காட்சியில் அரவிந்த்சாமியின் முகத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். முதலில் வெட்கம், பிறகுதான் அழுகை.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ நேர்மாறு. 2025 மே மாதம் பார்த்தபோது நன்றாகச் சிரித்தேன், கண்ணும் கலங்கியது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியில் வள்ளமேறித் தமிழ்நாட்டுக்குப் போகும் குடும்பத்தின் கதையை நாங்கள் சும்மா பார்த்துவிட முடியுமா? பெற்றோல் வரிசையில் நின்ற கால்கள் இவை. ஆறிய பிறகு பார்த்தால், அவர்கள் குடியேறும் தெருவில் எல்லோரும் மிகச் சுலபமாக நல்லவர்களாகி விடுகிறார்கள். அகதியாகப் போய் வந்த உறவினர்கள் சொன்ன கதைகளில் அவ்வளவு சர்க்கரை இருந்ததில்லை. சினிமாவில் இலங்கைத் தமிழ் என்றால் இன்னமும் யாழ்ப்பாணப் பேச்சுத்தான். கதைக்குடும்பம் அந்தப் பக்கம் என்பதால் இம்முறை குறை சொல்வதற்கில்லை. சசிகுமாரை விடச் சிம்ரனைத்தான் நம்ப முடிந்தது.

‘பைசன்’ எனக்கு இன்னும் ஆறவில்லை. மகன் கபடி ஆடப் போவதை நினைத்தே பயந்து சாகும் தகப்பனாக வரும் பசுபதி, கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் பழகியவர். முதுகைக் காட்டி நின்றாலும் பயம் தெரிகிறது. சண்டைகள் கூடிப்போயின என்பது இப்போதைக்கு என் எண்ணம்.

‘கூலி’? ரஜினிக்காகப் போனேன். கதையைச் சொல்லச் சொன்னால் முழிப்பேன். சௌபின் சாகிர் ஆடிய ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. பல்கனி டிக்கெட் காசுக்கு அது காணாது.